வலி பூஜ்ஜியம்

காலை ஒன்பதே காலுக்கு அறுவைசிகிச்சை அறையிலிருந்து முதல் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒன்பதரைக்கு அவன் கண் விழித்தான். அழவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியாட்கள் கேட்கலாம். மயக்கம் தெளியும் அந்த அறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் நர்ஸுக்கு அது சரியாகப் படவில்லை. மயக்கத்திலிருந்து எழும் குழந்தைகள் அழும். வலித்தாலும் அழும், வலிக்காவிட்டாலும் அழும். விரலில் மாட்டிய கிளிப்புக்காக அழும், கையில் ஒட்டிய பிளாஸ்டருக்காக அழும், அம்மா எங்கே என்று அழும், அம்மா வந்து நின்றால் இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று அதற்கும் அழும். இது பயம், இது பசி, இது தலைசுற்றல், இது நிஜமான வலி என்று அழுகையை வைத்தே அவள் பிரித்துவிடுவாள். மருத்துவமனை முழுக்க அவளை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த அறையில் அழுகை இல்லாமல் அவளுக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது.

நான்கு கட்டில்கள். கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னல், அதன் வழியாக வெயில் தரையில் விழுந்து, கட்டில் சக்கரங்கள் வரை நீண்டு கிடந்தது. ஸ்பிரிட் வாடை, சலவை செய்த போர்வையின் வாடை, சூடேறிய இயந்திரங்களின் பிளாஸ்டிக் வாடை. தலைமாட்டுத் திரைகளில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் நேற்றைப் போலத்தான் இருந்தது.

ஆனால் இன்று அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. பட்டியலில் நாலாவது பெயர் அவளுடைய மகளுடையது. ஏழு வயது. வீட்டில் ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு ஒரு நாளும் குறை வைத்ததில்லை. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் அடைப்பு, விலாவுக்குக் கீழே கிழித்துச் சரிசெய்ய வேண்டும். இன்று லீவு போட்டுவிட்டு வெளியே கணவனோடு உட்கார்ந்திருக்க வேண்டியவள்தான். கூட வேலை பார்ப்பவளுக்குக் காய்ச்சல் என்று விடியற்காலையில் போன் வந்தது. வெளியே உட்கார்ந்து நகம் கடிப்பதைவிட உள்ளே நிற்பது மேல் என்று வந்துவிட்டாள்.

முதல் குழந்தைக்கு ஆறு வயது. குடலிறக்கம் சரிசெய்திருந்தார்கள். அவன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான், மூடினான், உதட்டை ஒரு பக்கமாக இழுத்தான், மறுபக்கமாக இழுத்தான். கடையில் புதுச் செருப்பைப் போட்டுக் காலை அசைத்துப் பார்ப்பவர்களைப் போல நிதானமாக, ஒவ்வொன்றாகச் செய்தான்.

“முழிச்சிட்டியா கண்ணு? வலிக்குதா?”

“ஒண்ணும் வலிக்கல. நல்லா இருக்கு. நன்றி.”

ஆறு வயசு, அதுவும் மயக்கம் தெளிந்த வாயால், நன்றி! அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாக்கெட்டிலிருந்து முகங்கள் வரைந்த அட்டையை எடுத்தாள். அதில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், அது பூஜ்ஜியம். கடைசி முகம் கண்ணீர் விட்டு அழும், அது பத்து. உன் முகம் இதில் எது மாதிரி இருக்கு என்று கேட்டால் குழந்தை தொட்டுக் காட்டும். அந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். இந்த விதிக்காக அவள் எத்தனையோ டாக்டர்களோடு சண்டை போட்டிருக்கிறாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்களிடம், வலிக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது குழந்தை, நீங்களும் இல்லை நானும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள்.

பையன் சிரிக்கும் முகத்தைத் தொட்டான். அவனும் சிரித்தான்.

அவள் பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டுத் திரையைப் பார்த்தாள். நாடித்துடிப்பு நூற்று ஐம்பத்தெட்டு. ஓடிவந்த குழந்தைக்கு அப்படி அடிக்கும். கதறுகிற குழந்தைக்கு அடிக்கும். சிரித்துக்கொண்டு படுத்திருக்கிற குழந்தைக்கு அடிக்காது. கிளிப்பைக் கழற்றி மாட்டினாள். நூற்று அறுபத்தொன்று. அப்போதுதான் அவனுடைய இடது கண்ணின் ஓரத்திலிருந்து கண்ணீர் காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது.

“ஏன்டா அழுற?”

“நான் அழலையே,” என்றான்.

அவனுடைய இடது கை அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. நகம் பதியும்படி, விரல் வெளுத்துப் போகும்படி இறுக்கியிருந்தது. மயக்கம் தெளியும்போது சிலருக்குக் கை இழுக்கும், அதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு விடுவித்துக்கொண்டாள்.

அவனுடைய அம்மா உள்ளே வந்தாள். பையன் அவளைப் பார்த்தான், சிஸ்டரைப் பார்த்தான். அவள் குனிந்து, “அம்மா வந்துட்டேன்டா” என்று சொன்ன பிறகு, “அம்மா” என்றான்.

“ஊசின்னு சொன்னாலே ஊரைக் கூட்டுறவன் சிஸ்டர் இவன். என்ன மாயம் பண்ணீங்க?”

“எல்லாம் எங்க மயக்க டாக்டரோட கைராசி,” என்றாள் சிஸ்டர். சொல்லும்போதே சுண்டுவிரல் வலித்தது. பிறை வடிவில் நான்கு நகத்தடங்கள் இருந்தன.

மயக்க டாக்டரை எல்லோரும் ‘தாலாட்டு’ என்பார்கள். ஆள் பீரோ மாதிரி இருப்பார், குரல் மட்டும் வெல்லக்கட்டி. குழந்தையின் மூக்கில் முகமூடியை வைத்துக்கொண்டு வார்த்தை இல்லாத ஒரு ராகத்தை முனகுவார். பத்து மூச்சுக்குள் குழந்தை தூங்கிவிடும். அவருடைய முனகல் சுவரைத் தாண்டி இந்த அறைக்கும் கேட்கும். இன்று காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாகக் குழந்தை தூங்கியதும் நிறுத்திவிடுவார். இன்று நிறுத்தவில்லை. கத்தி எடுத்த பிறகும், தையல் போடும்போதும், அந்த முனகல் சுவருக்குப் பின்னால் அதே சீராகப் போய்க்கொண்டிருந்தது. வாலுவுக்காகப் பயிற்சி எடுக்கிறார் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

பத்தேகாலுக்கு இரண்டாவது குழந்தை வந்தது. ஒன்பது வயதுப் பெண். ஊஞ்சலிலிருந்து விழுந்து வலது முழங்கையில் எலும்பு முறிந்து, இரண்டு கம்பி செருகியிருந்தார்கள். இந்த மாதிரிக் கேஸில் விரல் அசைகிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று எலும்பு டாக்டர் பிறகு சோதிக்க வேண்டும் என்பதால் கையை மரத்துப்போகும்படி செய்ய மாட்டார்கள். அதனால் கண் விழித்ததும் அலறல் அறையைத் தூக்கும். சிஸ்டர் மருந்தைத் தயாராக ஊசியில் ஏற்றித் தட்டில் வைத்திருந்தாள்.

பெண் கண்ணைத் திறந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். உதட்டை ஒரு பக்கம் இழுத்தாள்.

“ஒண்ணும் வலிக்கல. நல்லா இருக்கு. நன்றி.”

நாடித்துடிப்பு நூற்று எழுபது.

சிஸ்டர் திரையை இன்னொரு தடவை பார்த்தாள். அட்டையை நீட்டினாள். கட்டுப் போடாத இடது கைதான் தொட்டுக் காட்ட முடியும். ஆனால் அந்தக் கை அட்டையிடம் வரவில்லை. அது சிஸ்டரின் சட்டை விளிம்பைப் பிடித்து இழுத்தது. துணி கிழிகிற மாதிரி இழுத்தது. மணிக்கட்டு நரம்பு புடைத்து, முழங்கை வரை நடுங்கியது. பெண்ணின் முகம் தலையணையில் அமைதியாக இருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து காதில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கண்ணை மட்டும் தாழ்த்தித் தன் கையைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை சேட்டை செய்வதைப் பார்ப்பது மாதிரி.

“அது அப்படித்தான் பண்ணும் சிஸ்டர். கண்டுக்காதீங்க,” என்றாள். “சிரிக்கிற முகம்னு எழுதிக்கோங்க.”

சிஸ்டர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள். கடைசி விரலைப் பிரிக்கும்போது அது வளைந்து மறுபடி கொக்கி போட்டது. அதையும் பிரித்தாள். பிரித்திருக்கக் கூடாது என்று அந்த நொடியே தோன்றியது. ஆனால் பிரித்துவிட்டாள். தட்டில் ஏற்றி வைத்த மருந்து அப்படியே இருந்தது. குழந்தை வலிக்கவில்லை என்கிறது. விதி விதிதான். பூஜ்ஜியம் என்று எழுதினாள். பேனா சரியாக ஓடவில்லை.

எலும்பு டாக்டர் வந்து பார்த்தார். விரல் அசைகிறது, நிறம் நன்றாக இருக்கிறது. “பூஜ்ஜியமா? பிரமாதம்!” என்றார்.

“நாடி பாருங்க டாக்டர்.”

“அது மயக்க மருந்தோட வேலை. இறங்கிடும்,” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். சுவருக்குப் பின்னால் முனகல் போய்க்கொண்டிருந்தது.

பதினொன்றேகாலுக்கு மூன்றாவது குழந்தை கண் விழித்தது. நாலு வயது. டான்சில் எடுத்திருந்தார்கள். இந்த வயசுக்கு அட்டையே புரியாது. ஆறு முகத்தையும் வரிசையாகத் தொட்டு விளையாடும். தொண்டை புண்ணாக இருக்கும், எச்சில் விழுங்கக்கூட மறுக்கும். பேசவே பேசாது.

வாயைத் திறந்தது. மூடியது.

“ஒண்ணும் வலிக்கல,” என்றது. உதட்டோரம் இளஞ்சிவப்பாக எச்சில் நுரைத்தது. “நல்லா இருக்கு. நன்றி.”

அவள் அட்டையை எடுக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போர்வைக்குள் குழந்தையின் பாதங்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு, உதைத்துக்கொண்டு, எங்கேயோ ஓட முயல்வது தெரிந்தது. இடுப்புக்கு மேலே அசைவே இல்லை. தலை மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

“உள்ள இப்ப இருக்கிறது உங்க பொண்ணுதானே?”

இந்த அறையில் அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இந்தக் குழந்தையிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

“நல்ல பொண்ணு,” என்றது.

கண் விழித்த குழந்தையைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் செய்ததில்லை. இப்போது ஓடினாள். நடைபாதையின் வழவழப்பான தரையில் செருப்பு வழுக்கியது. தொப்பியை மாட்டினாள், காதுக்குப் பின்னால் முகமூடியின் கயிறு சிக்கியது. கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பெரிய விளக்கு. அதன் கீழே பச்சைத் துணிகள். துணிகளுக்கு நடுவே ஒரு சதுரம் மட்டும் திறந்திருந்தது. அது தன் மகளின் தோல் என்று அவளால் நம்ப முடியவில்லை. ஏற்கெனவே கிழித்திருந்தார்கள்.

“சிஸ்டர்! இங்க என்ன பண்றீங்க?” அறுவைசிகிச்சை டாக்டர் தலை நிமிரவில்லை. “வெளிய போங்க. எல்லாம் நல்லா போகுது.”

அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மயக்க டாக்டரிடம் போனாள். வாலுவின் கண்களை மூடிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. வாயில் குழாய். தலைமுடி தொப்பிக்குள். காலையில் அவளே பின்னி விட்ட சடை.

“டாக்டர், எழுப்பாதீங்க,” என்றாள். அவள் சொல்ல வந்தது வேறு. அது வாயில் இப்படி வந்தது.

அவர் கண்ணால் சிரித்தார். “எழுப்பாம எப்படி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவே?”

அது குரலே இல்லை, வெறும் காற்று. பக்கத்தில் நின்றும் அவள் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

“உங்க குரலுக்கு என்னாச்சு?”

“ரெண்டு நாளா தொண்டை கட்டிருக்கு. பேசவே முடியல. இன்னிக்கு ஒரு குழந்தைக்கும் பாடல.” அவர் மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். “உன் பொண்ணு பாட்டே இல்லாம தூங்கிட்டா. நல்ல பொண்ணு.”

அவள் நின்றாள். இயந்திரம் காற்றை உள்ளே தள்ளியது, வெளியே இழுத்தது. அறையில் வேறு சத்தம் எதுவும் இல்லை.

“காலையிலேருந்து ஒரு முனகல் கேக்குதே.”

“இங்கயா? எனக்கு ஒண்ணும் கேக்கல.” அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். “பெத்த மனசு. பயந்து போயிருக்கே. போ, தண்ணி குடி. பாதியில நிறுத்த முடியுமா சொல்லு?”

நிறுத்த முடியாது. அவளுக்குத் தெரியும். விலாவைத் திறந்து போட்டுவிட்டு நிறுத்த முடியாது. வெளியே வந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

மூடியதும் முனகல் தொடங்கியது.

சுவருக்குள்ளிருந்து வரவில்லை. கதவுக்குள்ளிருந்தும் இல்லை. நடைபாதையில், அவள் நின்ற இடத்தில், காதுக்கு ஒரு சாண் தள்ளி. வெல்லக்கட்டிக் குரல். தூங்கு தூங்கு என்று வார்த்தையில்லாமல் சொல்லும் அதே ராகம். அவளுக்குக் கண் சொருகியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் சுவைத்தது. அந்த வலியைப் பிடித்துக்கொண்டே அறைக்கு நடந்தாள்.

மூன்றாவது குழந்தையின் அம்மா வந்திருந்தாள். மடியில் வைத்திருந்தாள். “எவ்வளவு அடக்கமா இருக்கான் பாருங்க சிஸ்டர்,” என்றாள். போர்வைக்குள் பாதங்கள் உதைத்துக்கொண்டிருந்தன. அந்த அம்மா குளிருகிறது போல என்று போர்வையை இறுகச் சுற்றினாள்.

சொல்லலாம். என்னவென்று சொல்வது? உங்கள் பிள்ளைக்கு வலிக்கவில்லை, அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றா? சிஸ்டர் வாயைத் திறந்தாள், மூடினாள். தன் வாய் செய்ததைத் தானே உணர்ந்து கையால் பொத்திக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்கு வாலு வந்தாள்.

வெயில் ஜன்னலை விட்டு ஏறிப் போயிருந்தது. மற்ற மூன்று பேரையும் வார்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அறையில் அவர்கள் இருவரும் மட்டும்தான். அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மகளுடைய இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழு, என்று வேண்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குழந்தை அழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கத்து. என்னை அடி. மூக்குக் குழாயைப் பிடுங்கி எறி. நீ செய்யாத வாலுத்தனமா?

இமை அசைந்தது.

வாலு கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள். மூடினாள்.

“வேண்டாம்,” என்றாள் சிஸ்டர். “வேண்டாம்டி.”

“ஒண்ணும் வலிக்கலம்மா,” என்றாள் மகள். அழகாகச் சிரித்தாள். முன்பல் விழுந்த இடம் தெரிந்தது. “நல்லா இருக்கு. நன்றி.”

கண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கியது. நாடித்துடிப்பு நூற்று எண்பது. அவளுடைய கைக்குள் அந்தச் சின்னக் கை உயிர் பெற்றது. இறுக்கியது. விட்டது. இறுக்கியது. நகத்தால் கீறியது. கட்டை விரல் அவளுடைய உள்ளங்கையைத் தேடிப் பிடித்து அழுத்தியது. தெரு தாண்டும்போது பிடிக்கிற பிடி. இருட்டில் அம்மாவா என்று தடவிப் பார்க்கிற பிடி. ஆயிரம் கைகளுக்கு நடுவே அவளுக்கு அந்தக் கையைத் தெரியும். அவள் மகள் அங்கே இருந்தாள். விலா கிழிந்த அத்தனை வலியோடும் உள்ளே இருந்தாள், கத்த வாய் இல்லாமல்.

“அம்மா இருக்கேன்,” என்றாள். முகத்திடம் சொல்லவில்லை. கையிடம் சொன்னாள். “அம்மாவுக்குத் தெரியும். வலிக்குது. எனக்குத் தெரியுது தங்கம்.”

கை இறுக்கியது.

மயக்க டாக்டர் வந்தார். அவள் மருந்துப் பூட்டு அலமாரியின் சாவியை அவர் முன்னால் நீட்டினாள். “மார்ஃபின் வேணும். நீங்களும் கையெழுத்து போடுங்க.”

அவர் அட்டையைக் காட்டி மகளிடம் கேட்டார். சிரிக்கும் முகத்தைக் கண்ணால் காட்டினாள் மகள். “வேண்டாம் டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்ல.”

“குழந்தையே வேண்டாங்குது,” என்று கிசுகிசுத்தார். “அவங்க சொல்றதத்தான் கேக்கணும்னு என்கிட்டயே சண்டை போட்டவ நீ.”

“நாடியப் பாருங்க. கண்ணப் பாருங்க. இந்தக் கையப் பாருங்க டாக்டர்!” அவள் அழுதாள். வெட்கமில்லாமல் விம்மி அழுதாள். “நான் மூணு பிள்ளைங்களுக்குக் கொடுக்காம விட்டுட்டேன். இவளுக்கு விட மாட்டேன்.”

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். “கொஞ்சமா. மூச்ச மட்டும் பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்த அவளுடைய கணவனை அழைத்து வரப் போனார்.

அவள் மருந்தை ஏற்றினாள். ஊசியில் காற்றில்லை என்று இரண்டு தடவை பார்த்தாள். இடது கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே வலது கையால் மெதுவாக, மிக மெதுவாக, குழாய்க்குள் மருந்தைச் செலுத்தினாள். “இதோ போயிடும். இதோ. அம்மா போக்கிடுறேன்.”

நூற்று எண்பது. நூற்று ஐம்பது. நூற்றுப் பதினைந்து.

கண்ணீர் நின்றது.

நூறு. தொண்ணூற்றிரண்டு.

இறுகியிருந்த விரல்கள் தளர்ந்தன. சுண்டுவிரல் முதலில். பிறகு மோதிர விரல். கடைசியாகக் கட்டை விரல் அவளுடைய உள்ளங்கையை ஒரு தடவை தடவிவிட்டு, துவண்டது. அவள் பெருமூச்சு விட்டாள். நெற்றியை அந்தக் கையின் மேல் வைத்துக்கொண்டாள். வலி போயிற்று. போக்கிவிட்டாள்.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த மருந்துக்குக் கண் சொருகும். பெரியவர்களுக்கே சொருகும். மகளுடைய கண்கள் அகலத் திறந்திருந்தன. துடைத்து வைத்த கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அவ தூங்கிட்டாம்மா,” என்றாள்.

நடைபாதையில் கணவனின் காலடிச் சத்தம் கேட்டது. மகள் தன் வலது கையால், துவண்டு கிடந்த அந்த இடது கையை அம்மாவின் பிடியிலிருந்து எடுத்தாள். அலுங்காமல் தூக்கி, வயிற்றின் மேல் நேராக வைத்து, போர்வையை இழுத்து மூடினாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டு காத்திருந்தாள்.